தோபியாவோடு நடந்த நாய்



திருவிவிலியத்தில் நாய்க்கு நல்ல பெயர் அதிகம் கிடையாது. திருப்பாடல்களில் பகைவர் கூட்டம் நாய்க்கூட்டத்துக்கு ஒப்பிடப்படுகிறது. ஏழை இலாசர் வாசலில் கிடந்தபோது அவருடைய புண்களை நக்க வந்தவை நாய்கள். கானானியப் பெண் ஒருவர்தான், மேசைக்கு அடியில் கிடக்கும் நாய்க்குட்டியை எடுத்துக்காட்டி நம் ஆண்டவரிடமே வாதாடி, கேட்டதைப் பெற்றுக்கொண்டு போனார். ஆனால் ஓர் ஆளோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, அதே ஆளோடு வீடு திரும்பிய நாய் என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் அகப்படும். அது தோபியாவின் நாய். தோபித்து நூலின் 6ஆம் அதிகாரத்தில் அதைப்பற்றி ஒரு வரி, 11ஆம் அதிகாரத்தில் ஒரு வரி. அதற்குப் பெயர் இல்லை. அது பெரிதாக எதையும் செய்யவும் இல்லை. கூடப் போனது, கூட வந்தது, அவ்வளவுதான்.

அந்த நாயைப்பற்றி ஏன் இப்போது பேசுகிறோம் என்றால், நாட்காட்டி நம்மை அப்படிப் பேச வைக்கிறது. செப்டம்பர் 29 மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய அதிதூதர்களின் திருநாள். தோபியாவை வழிநடத்திய தூதர் இரபேல். அதற்கு முந்தின நாள், செப்டம்பர் 28, உலக ரேபீஸ் தினம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895இல் இறந்த நாள் அது. 30ஆம் தேதி விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுவின் நினைவு. அக்டோபர் 4 அசிசி பிரான்சிசின் திருநாள். யாரும் சேர்த்துவைத்துத் திட்டமிட்டதல்ல. ஆனாலும் ஒரே வாரத்துக்குள் நாய், மருந்து, வானதூதர், உயிரினங்களை உறவாக எண்ணிய ஒரு புனிதர் என்று எல்லாம் கூடி வருகின்றன.

அஞ்செட்டியில் வாழ்கிற நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து மலைப்பாதையில் இறங்கி வருகிறவர்களுக்குத் தெரியும்: ஊரைச் சுற்றிக் காடு. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. வீட்டில் ஒருவர் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாலும், இன்னொருவர் ராகிக்காட்டையும் ஆடு மாட்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நாயில்லாத வீடு குறைவு. அதனால், கடவுள் நம் குடும்பத்தை வழிநடத்துகிறார் என்று சொல்லும்போது, அந்தக் குடும்பத்தின் வாசலில் படுத்திருக்கிற நாயையும் தொழுவத்து ஆட்டையும் விட்டுவிட்டுப் பேச முடியாது.

"இதுக்கெல்லாமா சாமியைத் தொந்தரவு பண்றது?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. தோபித்து நூலைத் திறந்து பார்த்தால், அந்தக் கேள்விக்கு அந்த நூலே பதிலாக இருக்கிறது.

பிற சபை நண்பர்களின் விவிலியத்தில் பொதுவாக இந்த நூல் இருக்காது. நம் விவிலியத்தில் இணைத்திருமுறை நூல்களின் வரிசையில் இருக்கிறது. சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் 1952இல் கிடைத்த சுவடிகளில் இதன் துண்டுகள் அரமேய மொழியிலும் எபிரேய மொழியிலும் இருந்தன. யூத மக்கள் விரும்பிப் படித்த கதைதான் இது என்பதற்கு அதுவே சான்று. கதையை முழுக்க வாசிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கலாம்.

வாசித்தால் ஒன்று கண்ணில் படும். இந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அதில் ஓர் உயிரினம் இருக்கிறது. தோபித்து நினிவே நகரில் நாடுகடத்தப்பட்டு வாழ்கிற நேர்மையாளர். அனாதையாகக் கிடந்த ஒரு பிணத்தை அடக்கம் செய்துவிட்டு வந்து, இரவு முற்றத்துச் சுவரோரம் படுக்கிறார். சுவர்மேல் இருந்த குருவிகளின் எச்சம் கண்ணில் விழுகிறது. அதில் பார்வை போகிறது. நல்ல காரியம் செய்த கையோடு குருவி எச்சத்தால் குருடாவது என்றால், யாருக்குத்தான் மனம் உடையாது?

பிறகு வீட்டுச் செலவுக்கு அவருடைய மனைவி அன்னா நெசவுவேலைக்குப் போகிறார். ஒரு நாள் முதலாளிகள் கூலியையும் முழுசாகக் கொடுத்து, கூடவே ஒரு வெள்ளாட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்புகிறார்கள். குட்டி வீட்டுக்குள் வந்ததும் கத்துகிறது. கண் தெரியாத தோபித்து, "இது எங்கிருந்து வந்தது? திருடியதா? திருப்பிக் கொடு" என்கிற தொனியில் பேசுகிறார். அன்னா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. உன் தர்மமும் உன் நற்செயலும் இப்போது எங்கே போயின என்று அந்த அம்மா திருப்பிக் கேட்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நம் பக்கத்தில் ஆடு என்பது பெண்களின் சேமிப்பு. சுயஉதவிக்குழுக் கடனில் ஒரு குட்டி வாங்குகிறார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் வீட்டுக்கு நான்கு ஆடுகள் வந்தபோதும், அவற்றை மேய்த்துப் பெருக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பள்ளியில் பணம் கட்டவேண்டும் என்றால், விற்கப்படுவது அந்த ஆடு. அதனால் ஆட்டைப்பற்றிச் சந்தேகமாக ஒரு சொல் விழுந்தால், அது அவள் உழைப்பின்மேல் விழுகிற சொல். தோபித்து நல்லவர்தான். செபிக்கிறவர்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் மனைவியிடம் பேசியது தப்பு. விவிலியம் அதை மூடிமறைக்கவில்லை என்பது நமக்கு ஆறுதல்.

அந்தச் சண்டையின் முடிவில் தோபித்து அழுது, தாம் சாவதே மேல் என்று கடவுளை வேண்டுகிறார். அதே நாளில், தொலைவில் மேதியா நாட்டு எக்பத்தானாவில், சாரா என்ற இளம்பெண்ணும் ஏச்சுப்பேச்சுத் தாங்காமல் தன்னை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறாள். இருவர் செபமும் ஒரே நேரத்தில் கடவுள் திருமுன் கேட்கப்படுகிறது. இருவரையும் குணமாக்க இரபேல் அனுப்பப்படுகிறார். இரபேல் என்ற பெயருக்கே 'கடவுள் குணமாக்குகிறார்' என்பது பொருள்.

இது நடப்பது 3ஆம் அதிகாரத்தில். வாசிக்கிற நமக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் கதைக்குள் இருக்கிறவர்களுக்கு 12ஆம் அதிகாரம்வரை தெரியாது. இறைவழிகாட்டுதல் என்பதன் கஷ்டமே இதுதான் என்று தோன்றுகிறது. நாம் எல்லாரும் 3ஆம் அதிகாரத்துக்கும் 12ஆம் அதிகாரத்துக்கும் நடுவில் குடியிருக்கிறோம். உதவி புறப்பட்டுவிட்டது, நமக்குத்தான் அது தெரியவில்லை.

எப்படிப் புறப்பட்டது என்பதையும் பாருங்கள். ஒளிவீசிக்கொண்டு யாரும் வரவில்லை. கொடுத்துவைத்த வெள்ளியை மேதியாவில் போய் வாங்கிவர மகன் தோபியாவுக்கு வழி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். தெருவில் ஒருவர் நிற்கிறார். தம் பெயர் அசரியா என்கிறார். தோபித்து அவருடைய குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்து, ஒரு நாளைக்கு ஒரு திராக்மா கூலி என்று பேசி முடிக்கிறார். வானதூதரிடம் கூலி பேசிய மனிதர் அவர்! அன்னா மகனை அனுப்ப மனமில்லாமல் அழும்போது, நல்ல தூதர் ஒருவர் அவனோடு போவார் என்று தோபித்து தேற்றுகிறார். ஆறுதலுக்காகச் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. மகன் புறப்படுகிறான், கூலியாள் புறப்படுகிறார், நாயும் பின்னால் போகிறது.

திக்ரீசு ஆற்றங்கரையில் தோபியா கால் கழுவ இறங்கும்போது பெரிய மீன் ஒன்று பாய்ந்து அவன் காலைக் கவ்வப் பார்க்கிறது. இரபேல் அதை விரட்டிவிடவில்லை. "பிடி" என்கிறார். அறுத்து, பித்தப்பை, இதயம், ஈரல் மூன்றையும் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். அந்தப் பித்தப்பைதான் பிறகு தந்தையின் கண்ணுக்கு மருந்தாகிறது. கவனித்தீர்களா, தூதர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதும் மீனை இழுத்துக் கரையில் போட்டவன் தோபியாதான். கையெல்லாம் இரத்தமும் கவுச்சியுமாக அறுத்தவனும் அவன்தான். எதற்கு என்று முழுசாக விளங்காமலே, சொன்னபடி செய்தான். அவனுடைய நம்பிக்கை அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம்.

நம் பங்கில் ஒரு வீடு. அப்பா காட்டுவேலை, அம்மா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, பள்ளிக்கூடம் போகிற பையன், ஒரு பாட்டி. பையன் எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தான். ஒரு மாலை, விளையாடும்போது குட்டி அவன் கையில் பல் பதித்துவிட்டது. இரத்தம் லேசாகத்தான் வந்தது. பாட்டி சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைத்தார். "நம்ம வீட்டுக் குட்டிதானே, செல்லமாக் கடிச்சிருக்கு" என்றார். மறுநாள் காலை மந்திரிக்க வேண்டுமென்று பையனைக் கோயிலுக்கு அழைத்துவந்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. கடவுள்மேல் இருந்த நம்பிக்கையில்தான் வந்தார்கள்.

உபதேசியார் காயத்தைப் பார்த்தார். "மந்திரிக்கலாம் பாட்டிம்மா, சாமி எங்கயும் போகமாட்டார். முதல்ல குழாய்ல சோப்புப் போட்டு இந்தச் சுண்ணாம்பைக் கழுவுங்க. அடுத்த பஸ்ஸுல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். பாட்டிக்கு வருத்தம். கோயிலுக்கு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாரே என்று முணுமுணுத்தார். ஆனாலும் போனார்கள்.

அவர் சொன்னது ஏன் சரி என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ரேபீஸ் கிருமி நோயுற்ற விலங்கின் எச்சிலில் இருக்கிறது. கடி, பிறாண்டல், திறந்த புண்ணில் படும் நக்கல் இவற்றின் வழியே உடம்புக்குள் வந்து, நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடமும் ஆகலாம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அதற்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது போன்ற அறிகுறிகள் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். மனிதருக்கு வரும் ரேபீஸில் நூற்றுக்கு 99 நாயால் வருவது. அதில் பிள்ளைகள் அதிகம். சின்னக் கடியை வீட்டில் சொன்னால் திட்டுவிழும் என்று பிள்ளைகள் மறைப்பதும் ஒரு காரணம்.

கடிபட்ட இடத்தை உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வைக்கக்கூடாது. பிறகு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று வரச்சொல்வார்கள். தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேரும். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்கள். சீட்டில் எழுதிக் கொடுக்கிற தேதியில் ஒன்றையும் விடக்கூடாது.

ஒரு காலத்தில் இது தென்னாட்டில் கிடைக்கவே இல்லை. 1885 ஜூலை 6 அன்று பாரிசில் பாஸ்டர் முதன்முதலாக ஊசி போட்ட ஜோசப் மெய்ஸ்டர் ஒன்பது வயதுப் பையன். வெறிநாய் கடித்த அவனை அவனுடைய தாய்தான் அல்சாசிலிருந்து அழைத்துவந்தார். நம் நாட்டில் அந்தச் சிகிச்சை இமயமலைப் பக்கம் கசௌலியில்தான் இருந்தது. 1902இல் தென்னாட்டில் நாய்க்கடிபட்ட ஓர் இளம்பெண் அந்த வசதி இங்கே இல்லாததால் இறந்துபோனார். அந்தச் சாவு பலரை உலுக்கியது. அதைத் தொடர்ந்த முயற்சியாலும் ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையாலும் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. நீலகிரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை அதைக் கடந்து போகும்போது ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளலாம்.

மருத்துவரை மதிக்கவேண்டும், அவரைப் படைத்தவரும் ஆண்டவரே, மண்ணிலிருந்து மருந்தைத் தருகிறவரும் அவரே என்பது சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தின் போதனை. தோபித்து மருத்துவர்களிடம் போய், அவர்கள் தடவிய மருந்தால் பார்வை இன்னும் மோசமானது என்பதையும் விவிலியம் ஒளிக்கவில்லை. எல்லா மருந்தும் எல்லாருக்கும் பலிப்பதில்லைதான். ஆனாலும் இறுதியில் அவருக்குக் கடவுள் அனுப்பியதும் ஒரு மருந்துதான். கோவில் உச்சியில் நின்று, குதித்தால் தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது, இயேசு குதிக்கவில்லை. கடிபட்ட பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது அந்த உச்சியிலிருந்து பிள்ளையைக் குதிக்கச் சொல்வதுபோல.

அந்த வீட்டுக் கதைக்கு வருவோம். ஊசி இலவசம் என்றாலும் பஸ் காசு இலவசம் இல்லை. நான்கு முறை போகவேண்டும் என்றால் அம்மாவுக்கு நான்கு நாள் சம்பளம் போகும். லீவு கேட்டால் அங்கே முகம் சுளிக்கிறார்கள். அந்த அம்மா கணவரிடம் கேட்காமலே ஓர் ஆட்டை விற்றுவிட்டார். அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை. யாரைக் கேட்டு விற்றாய், வேறு என்னென்ன விற்றாய் என்று கேட்கக்கூடாததை எல்லாம் அவர் கேட்டார். அந்த அம்மா சொன்ன பதில் அன்னாவின் பதிலுக்குக் குறைந்ததில்லை.

குட்டி ஐந்தாம் நாள் செத்துப்போனது. கட்டிவைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் எதுவும் தின்னாமல் கிடந்து, போய்விட்டது. என்ன நோய் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அது தெரிந்த பிறகு அந்தக் கணவர் வாயைத் திறக்கவில்லை. 7ஆம் நாள் ஊசிக்குப் பையனை அவரே தூக்கிக்கொண்டு போனார். பையன் இன்று நன்றாக இருக்கிறான்; கோயிலில் பூசைக்கு உதவுகிறான். ஊசியால்தான் பிழைத்தானா, குட்டிக்கு வெறிநோயே இல்லையா, நமக்குத் தெரியாது. 12ஆம் அதிகாரத்தை வந்து விளக்க எந்தத் தூதரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. வந்தவர் ஓர் உபதேசியார். சொன்னது சோப்பும் தண்ணீரும் பஸ்ஸும். பாட்டி மட்டும், "இரபேல் சம்மனசு நம்ம உபதேசியார் மாதிரி கறுப்பாத்தான் இருப்பாராட்டம்" என்று பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

அந்தக் குட்டிக்கு மூன்று மாதத்தில் ஓர் ஊசி போட்டிருந்தால் இத்தனை அலைச்சலும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் மாடு ஆடு விழுந்துவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதிவையுங்கள்.

விலங்குகள் வழியாகவும் கடவுள் நம்மை எச்சரிப்பது உண்டு. எண்ணிக்கை நூல் 22ஆம் அதிகாரத்தில் பிலயாம் என்ற பெரிய தீர்க்கதரிசிக்குத் தெரியாத தூதர் அவருடைய கழுதைக்குத் தெரிந்தார். கழுதை ஒதுங்கியது, சுவரோடு ஒட்டியது, படுத்துவிட்டது. மூன்று முறையும் அவர் அதை அடித்தார். ராகி முற்றுகிற காலத்தில் இரவுக்காவலுக்குப் பரண்மேல் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும். யானை வருவது நமக்குத் தெரியுமுன் நாய்க்குத் தெரிந்துவிடும். தூக்கம் கெடுகிறது என்று அதை அதட்டி அடக்குகிறோம். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு நாய் நம்மிடமே ஓடிவரும், யானையும் பின்னாலேயே வரும். அதனால் காட்டோரம் நடக்கும்போது நாயை அவிழ்த்துவிட்டுக் கூட்டிப்போகாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதைக் கேட்பது நல்லது. காவல்காரனாக நாய் வீட்டில் இருக்கட்டும். இரவில் அதை வெளியே சங்கிலியில் கட்டிப்போட்டால் சிறுத்தைக்கு அது தப்பிக்க முடியாத இரை. கொட்டகைக்குள் விடுங்கள்.

இவ்வளவு சொன்னதால், நாயைப் பிள்ளையாக்கி, பிள்ளையை மறந்துவிடச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். பிள்ளை பெறுவதைத் தவிர்த்து நாய் பூனைகளை அந்த இடத்தில் வைக்கும் போக்கைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜனவரி 5 அன்று பொது மறைக்கல்வியில் கண்டித்தார். விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்றும், அதே மூச்சில், ஏழைகளுக்குச் சேரவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவது தகாது என்றும் நம் திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. ஆனால் அஞ்செட்டியில் நாய்க்குச் சட்டை தைத்துப் போடுகிறவர்களை நாம் பார்த்ததில்லை. இங்கே உள்ள குறை வேறு. மீந்த களியைப் போடுவதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோம். வேலைக்காக ஓசூரில் லைன் வீடு பிடித்துக் குடிபோகும்போது, வீட்டுக்காரர் நாய் கூடாது என்றுவிடுகிறார். பூட்டிய வீட்டு வாசலில் கிழநாயை விட்டுவிட்டுப் போகிறோம். அது நாலு மாதம் அங்கேயே கிடக்கும். பிறகு தெருநாயாகும், ஊசி போடாத நாயாகும், இன்னொருவர் பிள்ளையைக் கடிக்கும். கூட்டிப்போக முடியவில்லை என்றால், போகுமுன் பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ பேசி, அரிசி கொடுத்து, ஒப்படைத்துவிட்டுப் போகலாம். தோபியாவின் நாயை அந்த வீட்டார் பயணத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற ஒரு வரி எழுதப்பட்டதற்குக் காரணம் இருக்கவேண்டும்.

திரும்பிவரும் காட்சியோடு முடிப்போம். மகன் போன நாள்முதல் அன்னா வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடைசி பஸ் வரும்வரை கதவைச் சாத்தாத தாய்மார்கள் நம் ஊரில் எத்தனைபேர்! தோபியாவும் இரபேலும் மற்றவர்களுக்கு முன்னே விரைந்து வருகிறார்கள், நாய் பின்னால் வருகிறது என்று கிரேக்கப் பாடம் சொல்கிறது. எரோணிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் நாய் முன்னால் ஓடி, நற்செய்தி கொண்டுவந்ததுபோல வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. எது மூலத்துக்கு நெருக்கமானது என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் எரோணிமுவின் பக்கம்தான் நிற்பார்கள்.

வனத்து அந்தோனியார் திருநாளான ஜனவரி 17ஐ ஒட்டி, மாட்டுப் பொங்கல் சமயத்தில் மாடுகளை மந்திரிப்பது நம் தமிழ் மக்களின் பழைய வழக்கம். இந்த முறை பிரான்சிசின் திருநாளன்றும் மாலைத் திருப்பலிக்குப் பின் கோயில் முற்றத்தில் மந்திரிப்போம். நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வாருங்கள். ஆட்டையும் நாயையும் ஒன்றாக நிறுத்தவேண்டாம். ஊசி போட்ட சீட்டு இருந்தால் எடுத்துவாருங்கள். இல்லாதவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனால், கால்நடை மருத்துவரிடம் ஒரு நாள் கேட்டு எல்லாரும் சேர்ந்து போகலாம்.